பூங்காப் பயணம்: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியோரம் இருக்கிறது எங்கள் வாசிகசாலை. ஆகஸ்ட் விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளைக் கொழும்புப் பக்கத்திலுள்ள ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். இந்த முறை அங்கே போகவில்லை என்று அறிவித்த நாளிலிருந்து என் கைபேசி ஓயவில்லை. பால் வாங்கப் போனாலும் கேள்வி, கோயிலில் விபூதிக்குக் கை நீட்டினாலும் கேள்வி. தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் கேட்டவர்களுக்கும் இதுதான் பதில்.

எத்தனை வருடமாகப் போகிறீர்கள்? ஒரு ட்ரிப்புக்கு ஏன் இவ்வளவு கவலை?

2012இல் தொடங்கினோம். 2018 வரை ஒரு வருடமும் தவறவில்லை. 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்த இரண்டு வருடமும் கொரோனா, 2022இல் டீசல் இல்லை. பிறகு 2023இலும் 2024இலும் போனோம். ஆக ஒன்பது தடவை.

முதல் பயணத்தை நினைத்துப் பார்த்தால்தான் என் கவலை விளங்கும். போர் முடிந்த பிறகு செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்த பிள்ளைகள் அவர்கள். பாதிப் பேர் வவுனியாவைத் தாண்டியதில்லை. இரவு எட்டு மணிக்குப் பஸ் வெளிக்கிட்டது. குருநாகல் வரும்வரை ஒருவரும் கண் மூடவில்லை. காலையில் பூங்கா வாசலில் இறங்கியபோது உள்ளேயிருந்து ஒரு பெரிய இரைச்சல். பெரிய சத்தம் கேட்டால் குனியப் பழகியிருந்த பிள்ளைகள் சில பேர் குனிந்தார்கள். கூட வந்த தாய்மாருக்கு முகம் இருண்டுவிட்டது. ஐந்து நிமிடத்தில் அதே பிள்ளைகள் அந்த இரைச்சலுக்குள்ளேயே நின்று கூவினார்கள். பின்னேரம் பஸ்ஸில் ஏற்றப் பட்ட பாடு பெரிய பாடு.

அன்று பதினான்கு வயதாக இருந்த ஒருத்தி, இப்போது தன் மகனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்கிறாள். அவளுக்கு "இல்லை" என்று சொல்வதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

ரிக்கற் விலை கூடியதுதானே காரணம்? அதை நேரே சொல்லுங்களேன்.

விலை கூடியது உண்மை. ஆனால் அரிசியும்தான் கூடியது, பஸ் கட்டணமும்தான் கூடியது. நாங்கள் சோறு சாப்பிடாமலும் இல்லை, பஸ் ஏறாமலும் இல்லை. விலை மட்டும் கூடியிருந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கூடச் சேர்த்துக்கொண்டு போயிருப்போம்.

எங்களுக்கு மனம் விட்டுப்போனது வேறு காரணங்களால். முன்பு வாசலில் ஒரு தடவை காசு கட்டினால் பின்னேரம் வரை பொக்கற்றில் கை வைக்கத் தேவையில்லை. இப்போது லொக்கருக்குத் தனிக் காசு. மிதக்கும் ரியூப்புக்குத் தனிக் காசு, அதற்கு மேல் திருப்பிக் கொடுக்கும்வரை முற்பணம். அலைத் தடாகத்தில் முன்பு காலையிலிருந்து அலை வரும். இப்போது மணி அடித்து அரை மணித்தியாலம், பிறகு நிறுத்திவிடுவார்கள். மத்தியானத்தில் நடந்த ஆட்டம் பாட்டு நிகழ்ச்சி இல்லை. உயரமான சறுக்கின் மேலே நின்று சின்னப் பிள்ளைகளின் காலைச் சரியாக வைத்துவிடுகிற ஆளையும் காணவில்லை. அந்த வேலையை நாங்களே மாறி மாறிச் செய்தோம்.

எல்லாவற்றிலும் பெரிய சறுக்கு 2023இல் மூடிக் கிடந்தது. "திருத்த வேலை நடைபெறுகிறது" என்று ஒரு பலகை. சரி, அடுத்த முறை பார்ப்போம் என்று பிள்ளைகளைத் தேற்றினேன். 2024இல் போனால் அதே பலகை, அதே கயிறு. குருவி எச்சம் மட்டும் கூடியிருந்தது.

பிறகு சாப்பாட்டுக் கதை. முன்பெல்லாம் மாமரத்துக்குக் கீழே இருந்த சீமெந்து வாங்கில்களில் இருந்து எங்கள் பார்சல் சோற்றைச் சாப்பிடுவோம். விடியப்புறம் மூன்று வீட்டில் சமைத்து வாழை இலையில் கட்டிய சோறு, மீன் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு. கடைசி முறை வாசலிலேயே பைகளைத் திறந்து பார்த்து, வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முன்பதிவு செய்தபோது யாரும் இதைச் சொல்லவில்லை. ஐம்பது பார்சல் வெயிலில் பஸ்ஸுக்குள் கிடந்தது. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக வெளியே கூட்டி வந்து, பஸ்ஸின் நிழலில் இருத்திச் சாப்பிட வைத்தோம். ஒவ்வொரு முறையும் திரும்ப உள்ளே போகக் கையில் அடித்த முத்திரையைக் காட்ட வேண்டும். தண்ணீரில் நனைந்து முத்திரை அழிந்துபோன இரண்டு பேருக்காக அரை மணித்தியாலம் வாக்குவாதம். அன்றைக்குத்தான் நான் மனதுக்குள் முடிவெடுத்தேன்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கும்தானே? நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாததா?

இருக்கிறது. நீர்ப் பூங்கா என்பது அடிப்படையில் தண்ணீரை மேலே ஏற்றுகிற மோட்டர்கள். மின்சாரம்தான் அதன் உயிர். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அந்த ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். உதிரிப்பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் 2022 மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. 8 வீதமாக இருந்த வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 வீதம். இதற்கெல்லாம் முன்னால் இரண்டு வருடம் வாசலே திறக்காமல் கிடந்தது. இந்தக் கணக்கைப் பார்த்தால் ரிக்கற் கூடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒன்று. 2024இல் மின்கட்டணம் குறைந்தது, டொலரும் 300 பக்கமாக இறங்கியது. ரிக்கற் இறங்கவில்லை. மூடின சறுக்கும் திறக்கவில்லை.

பரிஸ் மச்சாள் கேட்கிறா: "எங்கட டிஸ்னிலாண்டும் இப்படித்தான் வந்திட்டுது. உலகம் முழுக்க இதுதானோ?"

அப்படித்தான் தெரிகிறது. அங்கே பிரச்சினை டீசலோ டொலரோ இல்லை. மச்சாள் 1990களின் நடுவிலிருந்து வருடா வருடம் பிள்ளைகளோடு, பரிஸ் டிஸ்னிலாண்ட் இருக்கிற மார்ன்-லா-வலேக்கு ரயிலில் போய் வருகிறவர். 1992 ஏப்ரல் 12இல் அந்தப் பூங்கா திறந்தபோது அவர் பரிஸுக்கு வந்து சில மாதம்தானாம். அவருடைய முறைப்பாடு இது: முன்பு வரிசையில் நிற்காமல் போக "ஃபாஸ்ட்பாஸ்" என்று ஒரு சீட்டு இருந்தது, இலவசம். கொரோனாவுக்குப் பிறகு அது திரும்பி வரவில்லை. 2021 ஆகஸ்டிலிருந்து அதே வசதிக்கு ஒவ்வொரு சவாரிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு. 2023இல் அவர் வைத்திருந்த பழைய வருட அட்டையையும் நிறுத்திப் புது வகை அட்டை கொண்டு வந்தார்கள். "இருபது வருடம் வைத்திருந்த அட்டை, ஒரு மின்னஞ்சலில் முடிஞ்சுது" என்றார்.

ரொறன்ரோப் பெரியப்பா வீட்டாருக்கு ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்ட். அங்கேயும் அதே கதை. 2005இலிருந்து விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஹோட்டலுக்கு இலவச பஸ் ஓடியது. பெட்டியைக்கூட அவர்களே எடுத்து அறையில் வைத்துவிடுவார்கள். 2021 கடைசியோடு அது நின்றது. ஹோட்டலில் தங்குபவர்களுக்குச் சும்மா கொடுத்த, அறைக் கதவும் பூங்கா வாசலும் திறக்கிற கைப்பட்டி 2021 தொடக்கத்தோடு இல்லை. ஃபாஸ்ட்பாஸுக்குப் பதிலாக 2021 ஒக்டோபரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 டொலரிலிருந்து ஒரு கட்டணச் சேவை. பிறகு அதன் விலை நாளுக்கு நாள் மாறுகிற மாதிரி வந்து, பெயரும் மாறியது. 2025 ஜூலையில், 1970களிலிருந்து அங்கே இருந்த ஆற்றையும் தீவையும் நீராவிப் படகையும் மூடினார்கள், "கார்ஸ்" என்ற கார்ட்டூன் படத்தை வைத்து ஒரு புதுப் பகுதி கட்டுவதற்காக. புதிது கட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியப்பாவுக்கு அந்தப் படகுதான் பூங்கா. முழங்கால் வருத்தத்தோடு இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதானாம்.

டிஸ்னிலாண்ட் தொடங்கினபோது ஒரு டொலர்தானாம். இப்போது இருநூறுக்கு மேலேயாம். உண்மையோ?

உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. கலிபோர்னியாவில் அனஹைமில் 1955 ஜூலையில் திறந்தபோது பெரியவர்களுக்கு வாசல் கட்டணம் 1 டொலர், பிள்ளைகளுக்கு 50 சதம். அந்த 1 டொலர் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 டொலர். 2025 ஒக்டோபரில் அறிவித்த விலைப்படி, மிகக் கூட்டமான நாளில் ஒரு நாள் ஒரு பூங்காவுக்கு 224 டொலர். கூட்டம் குறைந்த நாளுக்கு 104 டொலர், அது 2019இலிருந்து மாறவில்லை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அந்த 104 டொலர் நாட்கள் பெரும்பாலும் சரிவராது.

மறைந்து போகிற பாதி இதுதான்: அந்த 1 டொலருக்கு வாசலைத் தாண்டலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு சவாரிக்கும் வேறு சீட்டு. ஏ, பி, சி என்று சீட்டுப் புத்தகம் விற்றார்கள்; 1959இல் மிக நல்ல சவாரிகளுக்கு "ஈ" சீட்டு வந்தது. ஒரு தடவை கட்டினால் எல்லாம் உங்களுடையது என்ற முறை முழுதாக வந்தது 1982இல்தான். அதாவது துண்டு துண்டாக விற்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை, பழைய பழக்கம். மச்சாளும் பெரியப்பாவும் "அந்தக் காலம்" என்று சொல்வது, நடுவில் வந்த ஒரு முப்பது நாற்பது வருடத்தைத்தான். எங்கள் "அந்தக் காலம்" அதிலும் சின்னது, ஏழு வருடம்.

கானிவேலிலும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் காசுதானே வாங்குகிறார்கள்? அங்கே நீங்கள் முணுமுணுத்ததைக் காணவில்லையே.

இதைக் கேட்டது என் தம்பியின் மகள், ஓ.எல். படிக்கிறாள். கேள்வி சரியான இடத்தில் குத்தியது. இரண்டு நாள் யோசித்தேன்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிறோம். உள்ளே போக யாரும் காசு கேட்பதில்லை. கச்சான் வேண்டுமா, காசு. ஐஸ்பழம் வேண்டுமா, காசு. கானிவேல் வந்தாலும் அப்படித்தான்: வாசலில் ஏதோ கொஞ்சம், பிறகு ராட்டினத்துக்கு ஒரு சீட்டு, மரணக் கிணற்றுக்கு ஒரு சீட்டு. கையில் காசு முடிந்தால் வீட்டுக்கு நடப்போம். யாரும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. என்ன விலைக்கு என்ன என்று முன்னாலேயே தெரியும், பிடிக்காவிட்டால் சும்மா நின்று வேடிக்கை பார்க்கலாம்.

பூங்கா அப்படி இல்லை. ஒரு முழு நாளின் விலையை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். உள்ளே போன பிறகு, அந்த நாளிலிருந்து ஒவ்வொரு துண்டாக வெட்டி எடுத்து எங்களுக்கே திரும்ப விற்கிறார்கள். கானிவேல்காரன் சீட்டு விற்கிறான். இவர்கள் நாங்கள் ஏற்கனவே வாங்கினதை விற்கிறார்கள். வித்தியாசம் அதுதான், தங்கச்சி. அதோடு, ஒரு பிள்ளையின் தகப்பன் ரியூப்புக்குக் காசு கொடுத்தனுப்பியிருந்தான், பக்கத்துப் பிள்ளையின் தாயிடம் அது இல்லை. முன்பு பூங்காவுக்குள் இந்த வித்தியாசம் தெரிந்ததே இல்லை. நனைந்த உடுப்போடு எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் இருந்தார்கள்.

காசு கட்டினவர்கள் முன்னால் போனால் உங்களுக்கு என்ன நட்டம்? வரிசை குறையும்தானே?

குறையாது. 2022 பெற்றோல் வரிசையை நினைத்துப் பாருங்கள். பவுசரில் வந்த பெற்றோல் அளவானது. பின்பக்கமாக யாருக்காவது இரண்டு கான் போனால், முன்னால் நின்ற எங்களில் யாருக்கோ அது இல்லை. சவாரியும் அப்படித்தான். ஒரு சறுக்கில் மணித்தியாலத்துக்கு 100 பேர் போகலாம் என்று வையுங்கள். அதில் 60 இடத்தைக் காசு கட்டினவர்களுக்கு ஒதுக்கினால் பொது வரிசைக்கு மிஞ்சுவது 40. பொது வரிசை நீள நீளக் காசு கட்ட வேண்டும் என்ற ஆசை கூடும். வரிசை நீளமாக இருப்பதே விற்கிறவருக்கு விளம்பரம். டிஸ்னியில் 1999இல் வந்த பழைய ஃபாஸ்ட்பாஸிலும் இப்படி இடம் ஒதுக்கினார்கள்தான், ஆனால் ரிக்கற் எடுத்த எல்லோருக்கும் ஒரே உரிமை. முந்தி எழும்பினவர் கெட்டிக்காரர்.

எங்கள் பூங்காவில் இந்தத் தனி வரிசை இன்னும் வரவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

கோபிக்காதீர்கள் அண்ணை. உங்களுக்கு வயது போனதால்தான் எல்லாம் குறைவாகத் தெரிகிறதோ?

கோபமில்லை. கொஞ்சம் அதுவும் இருக்கும். 2012இல் நானும் சறுக்கில் ஏறினேன். இப்போது ஏறினால் நாரி பிடித்துவிடும். 2024இல் முதல் தடவையாக வந்த பிள்ளைகள் நன்றாகச் சந்தோஷப்பட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். மூடிக் கிடந்த சறுக்கு அவர்களுக்குத் தெரியாது, நின்றுபோன நிகழ்ச்சியும் தெரியாது. தெரிந்தவர்களுக்குத்தான் வலி. ஆனால் லொக்கர் காசு என் கற்பனை இல்லை, பற்றுச்சீட்டு இருக்கிறது.

பிடிக்காவிட்டால் சனம் போகாமல் விட்டிருக்குமே. கூட்டம் குறைந்த மாதிரித் தெரியவில்லையே?

குறையவில்லை. பழைய ஆட்கள் ஒரு நாளில் சண்டை பிடித்துக்கொண்டு போவதில்லை. வருடா வருடம் போனவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போவார், பிறகு "பார்ப்போம்" என்பார். அந்த இடத்தை முதல் தடவை வருகிறவர் நிரப்பிவிடுவார், அவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. வாசலில் எண்ணினால் இரண்டும் ஒரு தலைதான். டிஸ்னி நிறுவனத்தின் செயற்பாட்டு இலாபத்தில் பாதிக்கு மேல் பூங்காக்களும் கப்பல்களும் சேர்ந்த பிரிவிலிருந்துதான் இப்போது வருகிறது. அந்தப் பிரிவில் பத்து வருடத்தில் 6,000 கோடி டொலர் போடப்போவதாக 2023இல் அறிவித்தார்கள். பெரியப்பா போகாவிட்டால் அவர்களுக்குத் தெரியவும் வராது.

முறைப்பாடு செய்தால் ஏதாவது நடக்குமா?

கொஞ்சம் நடக்கும். டிஸ்னியில் பொப் சபெக் தலைவராக இருந்த காலத்தில் ரசிகர்களின் கோபம் உச்சத்தில் இருந்தது. 2022 நவம்பரில் அவரை அகற்றி, பழைய தலைவர் பொப் ஐகரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். அதற்கு வேறு பெரிய காரணங்களும் உண்டு. ஆனால் 2023 ஜனவரியில் ஃப்ளோரிடா ஹோட்டல்களில் வாங்கிய இரவு வாகனத் தரிப்புக் கட்டணத்தை நிறுத்தினார்கள். அது 2018இல் புதிதாகப் போட்ட கட்டணம். ரிக்கற் விலை மட்டும் தொடர்ந்து ஏறியது.

நாங்களும் எழுதினோம். இரண்டு பக்கக் கடிதம், பதிவுத் தபாலில். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, அடுத்த பருவத்துக்கான விலைப்பட்டியலும் கூடவே இருந்தது. அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். எழுத மாட்டேன். ஏழு வருடம் எங்கள் பிள்ளைகளைச் சிரிக்க வைத்த இடம்.

நாங்களே கிளிநொச்சியில் ஒன்று கட்டினால் என்ன? வெளிநாட்டுக்காரர் காசு போடுவார்கள்தானே?

வருடத்துக்கு ஒரு தடவை யாராவது கேட்கிற கேள்வி. 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதற்கும் ஏறக்குறைய 113,000 பேர். விடுமுறைக்கு இரண்டு வாரம் கூட்டம் வரும், மிச்ச நாளில் மோட்டருக்குப் பூசை செய்ய வேண்டியதுதான். அதற்கு மேல், ஓகஸ்டில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போதுமா என்று கமக்காரர் கணக்குப் பார்க்கும் நேரத்தில், சறுக்குக்கு விட நான் கேட்கப் போனால் என்னை ஊருக்குள் விட மாட்டார்கள்.

அப்போ இந்த முறை எங்கே?

மன்னார். பரந்தனிலிருந்து பூநகரி போய், அங்கிருந்து ஏ32 வீதியால் நேரே இறங்குகிறோம். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் இரவுப் பயணம் தேவையில்லை, தாய்மாருக்கும் நிம்மதி. பெருக்கமரம், கோட்டை, தெருவில் திரியும் கழுதைகள் (சின்னப் பிள்ளைகள் கழுதைக்காகவே வருகிறோம் என்கிறார்கள்), பிறகு தலைமன்னார் இறங்குதுறை. மத்தியானச் சாப்பாடு எங்கள் பார்சல்தான். யாரும் பையைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அடுத்த வருடம் திரும்ப அந்தப் பூங்காவுக்குப் போவீர்களா?

ஒருவரை அனுப்பிப் பார்ப்போம். அந்தப் பலகையைக் கழற்றியிருந்தால் யோசிக்கலாம்.

மன்னாரில் தண்ணீர்ச் சறுக்கு இருக்குமா என்று மகன் கேட்கிறான்.

இல்லை என்று சொல்லுங்கள். கடலில் இறங்கலாம், ஆனால் இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மாற்றுடுப்பும் துவாயும் கொண்டு வாருங்கள். ரியூப் வைத்திருப்பவர்கள் காற்று இறக்கிக் கொண்டு வரலாம், பம்ப் என்னிடம் இருக்கிறது. பெயர் கொடுக்கக் கடைசி நாள் வாசிகசாலைப் பலகையில் போட்டிருக்கிறேன். பஸ் காசு தவிர வேறு காசு இல்லை.